கன்ன எலும்பைக் குறைத்த பிறகு மறு ஆபரேஷன்: குறை எலும்பிலா, சதையிலா?

கேள்வி அனுப்பியவர் வாணியம்பாடிப் பெண், வயது 28. வேலைக்காகத் தென்கொரியாவில் இருந்தபோது சியோலில் கன்ன எலும்பைக் குறைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டார். ஒன்றேகால் வருடம் ஆகிறது, இப்போது ஊர் திரும்பிவிட்டார். மெல்லும்போது இடது காதுக்கு முன்னால் ஏதோ நகர்வதுபோல ஒரு சத்தம், சாயங்காலமானால் வலி. இடது கன்னம் தொங்கியிருக்கிறது, வலது பக்கம் அளவுக்கு மீறித் தட்டையாகிவிட்டது, மேல் உதட்டின் ஓரம் இன்னும் மரத்தே கிடக்கிறது. ஆபரேஷன் செய்த இடத்தில் கேட்டால் கொழுப்பு நிரப்பினால் சரியாகிவிடும் என்கிறார்களாம். மறுபடி சியோலுக்கே போவதா, சென்னையில் ஓர் அழகு கிளினிக்கைப் பார்ப்பதா, வேலூரிலேயே ஆகுமா என்று கேட்கிறார். அம்மாவோ எலும்பு முறிவுக்கு நாட்டு வைத்தியர்கள் போடும் புத்தூர் கட்டு போட்டுப் பார்க்கலாம் என்கிறார். தை மாதம் கல்யாணம் வேறு.

நான் வேலூரில் முகம், தாடை எலும்பு ஆபரேஷன் செய்கிறவன். அழகுக்காகக் கன்ன எலும்பைக் குறைப்பது என் தொழிலில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் உடைந்த கன்ன எலும்பு எங்களுக்குத் தினசரிப் பழக்கம். வாலாஜாவிலிருந்து பள்ளிகொண்டா, ஆம்பூர் வழியாக உங்கள் ஊர் வரைக்கும் ஓடுகிற பெங்களூர் ஹைவே இருக்கிறதே, அதில் ஹெல்மெட் இல்லாமல் விழுகிறவர்கள் முதலில் உடைத்துக்கொள்கிற எலும்புகளில் இதுவும் ஒன்று. உங்கள் கேள்விக்கு அந்தப் பழக்கம்தான் உதவும். நீங்கள் எழுதியதைப் படித்தால், இடது பக்கம் இருப்பது அழகுக் குறை அல்ல, சரியாகக் கூடாத எலும்பு முறிவு என்றுதான் எனக்குச் சந்தேகம் வருகிறது. வலது பக்கத்துக் கதை வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே ஆபரேஷனில் அழகாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

முதலில் உங்கள் முகத்தில் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். கண்ணுக்குக் கீழே வெளிப்பக்கமாகத் துருத்தி நிற்கும் எலும்புதான் கன்ன எலும்பு. அதிலிருந்து ஒரு மெல்லிய வளைவு காதுப் பக்கமாக ஓடுகிறது. விரலால் தடவினாலே தெரியும். முகத்தின் அகலத்தைத் தீர்மானிப்பதில் பெரும் பங்கு இந்த இரண்டுக்கும் உண்டு. 1983-ல் ஜப்பானைச் சேர்ந்த ஒனிசுகாவும் அவர் குழுவினரும் வாய்க்குள்ளிருந்தே போய் இந்த எலும்பைச் செதுக்கிக் குறைக்கும் முறையை எழுதினார்கள். அதன் பிறகு செதுக்குவது போய் வெட்டி நகர்த்துவது வந்தது. இன்று கொரியாவில் பரவலாகச் செய்வது, மேல் ஈறுக்கு மேலே வாய்க்குள் கீறி, கன்ன எலும்பை 'எல்' வடிவத்தில் வெட்டி, நடுவிலிருந்து ஒரு சீவல் எலும்பை எடுத்துவிடுவது. அப்புறம் கிருதாப் பக்கம் சின்னதாக ஒரு கீறல் போட்டு, காதுக்கு முன்னால் வளைவையும் வெட்டுவார்கள். இப்போது இரண்டு பக்கமும் அறுபட்ட துண்டை உள்ளே தள்ளி, டைட்டானியம் பிளேட்டும் ஸ்க்ரூவும் போட்டுப் பொருத்துவார்கள். முன்பக்கம் பிளேட் போட்டுவிட்டுக் காதுப் பக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எங்குமே பிளேட் போடாமல் சீக்கிரம் முடித்து அனுப்புகிற முறையும் இருக்கிறது.

ஆக, ஆரோக்கியமான எலும்பை இரண்டு இடத்தில் வேண்டுமென்றே முறித்து வேறு இடத்தில் கூட வைக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே கூடிவிடுகிறது, அதையும் சொல்ல வேண்டும். கூடாமல் போனால் பெரும்பாலும் காரணம் மெல்லும் தசை. நாம் பல்லைக் கடிக்கும்போது தாடையோரம் புடைக்கிறதே, அந்தத் தசை தொடங்குவதே இந்தக் கன்ன எலும்பின், வளைவின் கீழ் விளிம்பில்தான். அறுபட்ட துண்டை ஒவ்வொரு கவளத்துக்கும் அது கீழே இழுக்கிறது. பிளேட் பலமாக இல்லாவிட்டாலோ, இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விழுந்திருந்தாலோ, ஆறு வாரத்துக்குள் ஆள் கரும்பைக் கடித்திருந்தாலோ, எலும்பு கூட வேண்டிய இடத்தில் நார் போன்ற தழும்புதான் வளரும். அதன் பிறகு கடிக்கிற போதெல்லாம் அங்கே ஓர் அசைவு. சத்தமும் சாயங்கால வலியும் அதனால் வரலாம். துண்டு கீழே இறங்கினால் அதன் மேல் நிற்கிற கன்னமும் இறங்கும்.

'வரலாம்' என்று இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. காதுக்கு முன்னால் சத்தம் வர இன்னொரு இடமும் உண்டு, தாடை மூட்டு. ஆபரேஷனே செய்யாத எத்தனையோ பேருக்கு அந்த மூட்டில் சத்தம் வரும். இதைப் பிரித்துப் பார்க்காமல் கத்தியை எடுக்கக் கூடாது.

ஓபி-யில் என்ன செய்வோம் என்றால், உங்களை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்றுகொண்டு, இரண்டு ஆள்காட்டி விரல்களையும் இரண்டு கன்ன எலும்பின் மேட்டில் வைத்து, நெற்றிக்கு மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்போம். கண்ணாடியில் நேராகப் பார்த்தால் தெரியாத ஏற்றத்தாழ்வு அப்படிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு விரல் முன்னால் இருக்கும், இன்னொன்று பள்ளத்தில் கிடக்கும். அடுத்து, வளைவின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனால் வெட்டிய இடத்தில் படிபோல ஒரு தட்டல் படும். அங்கே விரலை வைத்தபடி, பல்லை இறுக்கிக் கடியுங்கள், விடுங்கள், கடியுங்கள் என்போம். எலும்பு கூடாதிருந்தால் விரலுக்கடியில் அது நகரும். மூட்டுச் சத்தம் அப்படியில்லை. அது வாயைத் திறந்து மூடும்போது வரும், இடமும் வளைவுக்குக் கொஞ்சம் கீழே, காதை ஒட்டி. பிறகு உங்கள் கையின் மூன்று விரல்களை நிறுத்திப் பல் நடுவே வைக்கச் சொல்வோம். மூன்றும் நுழைந்தால் வாய் திறப்பு போதும். இரண்டுதான் நுழைகிறது என்றால் கவனிக்க வேண்டும். வளைவு உள்ளே விழுந்து தாடை எலும்பின் மேல்முனையில் இடிக்கிறதா, இல்லை தழும்பு இறுகிவிட்டதா என்று தேட வேண்டும். புருவத்தை உயர்த்தச் சொல்வதையும் விட மாட்டோம். நெற்றிக்குப் போகும் முக நரம்பின் கிளை அந்த வளைவைக் குறுக்காகக் கடந்துதான் போகிறது. முதல் ஆபரேஷனிலேயே அதற்கு அடிபட்டிருந்தால் இரண்டாவதற்கு முன்னால் எழுதிவைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னாளில் யார் செய்தது என்கிற பேச்சு வரும்.

இதற்குப் பிறகுதான் சிடி ஸ்கேன். முக எலும்புக்கான சிடி, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதற்கும் மெல்லிய வெட்டுகளாக, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கும் தட்டில் முழுப் படங்களோடு வேண்டும். ஃபிலிம் ஷீட் மட்டும் போதாது. வண்ணத்தில் முழு மண்டை ஓடாகத் திரும்பும் முப்பரிமாணப் படத்தைக் காட்டி, பாருங்கள் ஓட்டை என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்தப் படம் கம்ப்யூட்டர் கட்டியது. மெல்லிய எலும்பு இருக்கிற இடத்தில் ஓட்டை காட்டும், நூலிழை இடைவெளி இருக்கிற இடத்தில் மூடிக் காட்டும். சர்ஜன் கறுப்பு வெள்ளை வெட்டுப் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். அப்படிப் பார்க்காமலே தேதி குறிக்கிறவரிடம் நான் என் வீட்டுப் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. படத்தில் இடைவெளி தெரிந்துவிட்டதாலேயே ஆபரேஷன் வேண்டும் என்று அர்த்தமில்லை. காதுப் பக்கத்து வெட்டில் எலும்பு கூடாமல் நாராலேயே இறுகிப்போய், வலியும் இல்லாமல் அசைவும் இல்லாமல் நிம்மதியாக இருக்கிறவர்கள் உண்டு. அவர்களை விட்டுவிடுவதே நல்லது. இடைவெளியும் இருந்து, விரலுக்கடியில் அசைவும் இருந்து, வலியோ தொங்கலோ சேர்ந்திருந்தால்தான் கை வைக்கலாம். நீங்கள் எழுதியது இந்த இரண்டாவது வகை மாதிரி இருக்கிறது. ஆனால் எழுத்தை வைத்து எலும்பைப் பார்க்க முடியாது.

சரி, கூடவில்லை என்றே உறுதியானால் என்ன செய்வார்கள்? பெரும்பாலும் பழைய தழும்பு வழியாகவே வாய்க்குள் போவார்கள். தளர்ந்த பிளேட்டையும் ஸ்க்ரூவையும் எடுத்துவிட்டு, முனைகளுக்கு நடுவே வளர்ந்த நாரைச் சுரண்டி, இரண்டு முனைகளிலும் ரத்தம் கசியும் எலும்பு தெரியும் வரை சுத்தம் செய்வார்கள். ரத்த ஓட்டம் உள்ள முனை வேண்டும், மழுங்கி வெளுத்த முனை கூடாது. பிறகு இறங்கிய துண்டை மேலே தூக்கி, முன்னைவிடப் பலமான பிளேட்டால் இறுக்குவார்கள். முனைகள் தொடாமல் இடைவெளி பெரிதாக இருந்தால் இடுப்பெலும்பிலிருந்தோ, மண்டையோட்டின் வெளி அடுக்கிலிருந்தோ, தாடையிலிருந்தோ கொஞ்சம் எலும்பு எடுத்து வைக்க வேண்டியிருக்கும். காதுப் பக்கத்துக்குக் கிருதாக் கீறலையே மறுபடி திறக்கலாம். மிகவும் குலைந்துபோன முகத்துக்குத்தான் ஒரு காதிலிருந்து மறு காதுவரை தலைமுடிக்குள் கீறித் திறப்பது. அதற்கு உங்களுக்கு அவசியம் வரும் என்று தோன்றவில்லை. விபத்தில் புதிதாக உள்ளே விழுந்த வளைவை, காதுக்குச் சற்று மேலே முடிக்குள் சின்னதாகக் கீறி நெம்பித் தூக்குகிற முறை ஒன்று உண்டு. கில்லிஸ் என்ற சர்ஜன் 1927-ல் எழுதியது, இன்றும் செய்கிறோம். அதை ஓராண்டு கழித்துச் செய்ய முடியுமா என்று கேட்டால் முடியாது. கோணலாகக் கூடிய எலும்பு நெம்பினால் வராது, மறுபடி வெட்டியாக வேண்டும்.

வாய் சரியாகத் திறக்காதவர்கள் மயக்க மருத்துவரிடம் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். மூக்கு வழியாகக் கேமரா உதவியோடு குழாய் போட அவர் தயாராக வேண்டியிருக்கும். பலரும் இதைச் சாதாரண விஷயமென்று சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

இனி வலது பக்கம். அங்கே எலும்பு கூடியிருக்கிறது, ஆனால் அதிகமாக எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எடுத்த சீவலை யாரும் பத்திரப்படுத்தி வைத்திருக்கப் போவதில்லை. மறுபடி வெட்டி வெளியே நகர்த்தி நடுவில் எலும்பு வைக்கலாம், அது பெரிய வேலை. அல்லது மேலே ஏதாவது வைத்து மேடாக்கலாம். உங்கள் சிடி-யை வைத்தே அளவெடுத்துச் செய்யும் பீக் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் இம்பிளாண்ட், துளையுள்ள பாலிஎத்திலீன் இம்பிளாண்ட், இல்லையென்றால் வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ எடுத்த உங்கள் கொழுப்பு. இம்பிளாண்டின் தொல்லை தொற்று. வாய்க்குள்ளிருந்து வைக்கும்போது அந்த அபாயம் கூடவே வரும், சீழ் பிடித்தால் எடுத்துவிடுவதைத் தவிரப் பெரும்பாலும் வழியிருக்காது. கொழுப்பில் ஒரு பங்கு கரைந்துபோகும், எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் இரண்டாம் முறை போட வேண்டியும் வரலாம். இதெல்லாம் அவசரமில்லாத வேலை. இடது பக்கம் நிலைபெற்று வீக்கம் முழுக்க வடிந்த பிறகு பார்த்தால், வலது இவ்வளவு தட்டையாகத் தெரிந்ததே இடது இறங்கியிருந்ததால்தானோ என்றுகூட உங்களுக்குத் தோன்றலாம். ஒப்பிட்டுப் பார்க்கும் பக்கமே கோணலாக இருக்கும்போது மறுபக்கத்தை அளக்க முடியாது.

உங்கள் கிளினிக் சொன்ன 'கொழுப்பு நிரப்பினால் சரியாகும்' என்பதில் எனக்கு உடன்பாடில்லாதது இங்கேதான். அசைகிற எலும்பின் மேல் கொழுப்போ, ஃபில்லர் என்கிற நிரப்பு ஊசியோ போட்டால் மேடு வரும், அசைவு போகாது, வலியும் போகாது. அதோடு அடுத்து வரும் சர்ஜனுக்கு உண்மையான வடிவமும் மறைந்துவிடும். ஏற்கெனவே ஹயலுரானிக் ஃபில்லர் போட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், தேவைப்பட்டால் அதைக் கரைக்க ஊசி உண்டு. முகத்தில் ஊசியால் நிரப்பும் எதுவும் தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம். அபூர்வம்தான், ஆனால் நடந்திருக்கிறது. முகூர்த்தத்துக்கு முன்னால் அவசரமாகப் பியூட்டி பார்லரில் யாராவது ஊசி போட்டுவிடுகிறேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கன்னம் தொங்குவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் ஏமாற்றம் அதிகம். கன்னத்துச் சதையும் தோலும் அந்த எலும்பில் நார்களால் கட்டப்பட்டிருக்கின்றன. எலும்பை வெட்ட வேண்டுமானால் அந்த நார்களில் சிலதைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அளவோடு பிரிப்பவர் கைக்கும் தாராளமாக உரித்தெடுப்பவர் கைக்கும் இங்கேதான் வித்தியாசம். அதோடு, பந்தல் காலைக் குட்டையாக்கினால் மேல்துணி அதே அளவில் இருந்து நடுவில் தொங்குமில்லையா, அந்த மாதிரி எலும்பு சிறுத்த பிறகு மிச்சமான சதை இறங்குகிறது. உங்களுக்கு எலும்பே இறங்கியிருந்தால் அதைத் தூக்கி நிறுத்தும்போது தொங்கலில் ஒரு பகுதி தானாகக் குறையும். மிச்சமிருப்பதற்கு நடுமுகத்தை இழுத்துக் கட்டும் ஆபரேஷன் இருக்கிறது. 28 வயதில் அதை முதல் யோசனையாகச் சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன். நூல் போட்டு இழுப்பது என்று விளம்பரம் வருகிறதே, அது கொஞ்ச காலத்துக்குத்தான். எலும்பு அசைகிறவருக்கு அதுவும் வீண் செலவு.

உதட்டோர மரப்பு, கண்ணுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளிவரும் நரம்பு இழுபட்டதால் வருவது. பெரும்பாலும் சில மாதங்களில், சிலருக்கு ஒரு வருடம் வரை ஆகி, திரும்பிவிடும். ஒன்றேகால் வருடத்தில் மிச்சமிருப்பது பெரும்பகுதி அப்படியே தங்கலாம். மறு ஆபரேஷன் மரப்பைப் போக்குவதற்கல்ல. சொல்லப்போனால் தழும்புக்குள் மறுபடி நுழைவதால் மரப்பு கூடும் வாய்ப்பே உண்டு. இதைச் சர்ஜன் தானாகச் சொல்கிறாரா, நீங்கள் கேட்ட பிறகுதான் சொல்கிறாரா என்பதை வைத்தே அவரை எடைபோடலாம்.

இதைப் படிக்கிற, ஆபரேஷன் செய்து சில வாரமே ஆன மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆறு மாதம் வரைக்கும் வீக்கமும் வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும், அழகுக் குறைக்காக அதற்குள் யாரிடமும் ஓடாதீர்கள். ஆனால் வாய்க்குள் சீழ், காய்ச்சல், ஒரு பக்க மூக்கில் நாற்றத்தோடு ஒழுகல், நாளுக்கு நாள் வாய் மூடிக்கொண்டே போவது, பிளேட் ஈறில் வெளியே தெரிவது, இவை எதுவும் ஆறு மாதம் காத்திருக்காது. பார்வை மங்கினாலோ இரண்டாகத் தெரிந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

எங்கே போவது? எலும்பு வேலைக்கு நீங்கள் விமானம் ஏற வேண்டியதில்லை என்பது என் கருத்து. கூடாத, கோணலாகக் கூடிய கன்ன எலும்பைத் திருத்திப் பழகிய கைகள் வேண்டும். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் பிளாஸ்டிக் சர்ஜரியும் பல், வாய் அறுவைப் பிரிவும் இருக்கின்றன. சென்னையிலும் பெங்களூரிலும் நல்ல முகத்தாடை சர்ஜன்கள் இருக்கிறார்கள், இரண்டுக்குமே உங்கள் ஊரிலிருந்து ரயில் உண்டு. வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் போர்டெல்லாம் வங்காளியில் எழுதியிருக்கும். கொல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் இங்கே வருகிறார்கள், நம் பக்கத்துக்காரர்கள்தான் வெளியூரைப் பார்க்கிறார்கள். அதே சமயம் வலது பக்கத்து வடிவத் திருத்தம் வேறு வித்தை. அழகுக்காகக் கன்ன எலும்பைக் குறைக்கும் ஆபரேஷன் இங்கே குறைவு, அதனால் அதைத் திருத்திய அனுபவமும் குறைவு. அந்தக் கட்டம் வரும்போது அதிகம் செய்தவரைத் தேடிப் போவதில் தப்பில்லை, அது சியோலாகவே இருந்தாலும். யாரிடம் போனாலும், இந்த மாதிரி மறு ஆபரேஷன் செய்திருக்கிறீர்களா, எது சரியாகவில்லை, சரியாகாதபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை நன்றாகக் கவனியுங்கள்.

ஏன் செய்துகொண்டீர்கள் என்று வீட்டிலும் வெளியிலும் கேட்டுக்கொண்டுதான் இருப்பார்கள். நம் ஊரில் எந்தத் தரகரும் கன்ன எலும்பை அளந்து ஜாதகம் கொண்டுவந்ததில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் நீங்கள் இருந்த ஊரில் அது பேச்சாக இருந்தது, செய்துகொண்டீர்கள், முடிந்தது. வைத்தியம் செய்கிறவருக்கு அந்த விசாரணையில் வேலையில்லை. 1940-களின் இறுதியில் இதே வேலூரில் பால் பிராண்ட் என்ற சர்ஜனும் அவரோடிருந்தவர்களும் தொழுநோயால் மடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கினார்கள். கை வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் முகத்தைப் பார்த்து யாரும் வேலை தரவில்லை என்று புருவத்தையும் மூக்கையும்கூடத் திருத்தினார்கள். முதலில் கை, பிறகு முகம் என்ற அந்த வரிசை உங்களுக்கும் பொருந்தும். முதலில் மெல்ல முடிய வேண்டும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். நம் நாட்டு மருத்துவ பாலிசிகளில் தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் இல்லை என்று பொது விதிவிலக்கே இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிறகான சீரமைப்புக்கும், உடனடி உடல்நல ஆபத்தை நீக்க மருத்துவ ரீதியாகத் தேவையானதற்கும் மட்டும் பணம் உண்டு. கூடாத எலும்பு, வலி, வாய் திறப்பு ஆகியவற்றை மருத்துவர் எழுத்தில் தந்தால் இடது பக்கத்துக்கு வாதாடிப் பார்க்கலாம். வலது பக்கத்துக்குக் கைக்காசுதான். கொரியக் கிளினிக்கோடு தகராறு என்றால், அங்கே 2012 முதல் மருத்துவத் தகராறுகளுக்குச் சமரசம் செய்யும் அரசு சார்ந்த அமைப்பு ஒன்று இயங்குகிறது. வெளிநாட்டு நோயாளிகளும் அணுகலாம். ஆனால் வைத்தியத்தை அந்த வழக்குக்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

அம்மா சொன்ன புத்தூர் கட்டு. வடஆற்காட்டுக்கே ஒரு காலத்தில் தலைமை ஊராக இருந்த சித்தூர்ப் பக்கத்து விஷயம், நம் வீடுகளில் அதற்கு இருக்கும் மரியாதை எனக்குத் தெரியும். கை கால் என்றால் கட்டிவைக்க இடமாவது உண்டு. கன்ன எலும்பைச் சுற்றிக் கட்ட வழியே இல்லை. மெல்லும் தசை உள்ளேயிருந்து இழுப்பதை வெளியே போட்ட கட்டு தடுக்காது. எண்ணெய் போட்டு நீவுவது இன்னும் மோசம். கூடாத எலும்பை நீவினால் அசைவு கூடும், நாரும் தடிக்கும். அம்மாவிடம் கோபிக்காமல் சொல்லுங்கள். ஒரு கிண்ணம் கூழ் காய்ச்சித் தருவது நீவுவதைவிடப் பெரிய உதவி.

கூழ் என்றதும் சாப்பாடு. ஆபரேஷன் முடிந்தால் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு மெல்லாத உணவுதான். வடஆற்காட்டுக்காரர்களுக்கு அது பெரிய தண்டனை இல்லை, கேழ்வரகுக் களியை மெல்லாமல் விழுங்கியே வளர்ந்தவர்கள் நாம். களி, கூழ், குழைந்த சாதம், தயிர், பாலில் ஊறிய இட்லி, மசித்த முட்டை. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காய்த் தொக்கு சாப்பிடலாம், பிரியாணிக் கறி கூடாது. உங்கள் ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கடைப்பிடிப்பது கஷ்டம்தான். முறுக்கு, வறுகடலை, கரும்பு பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், தையல் வாய்க்குள் இருக்கிறது. வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அந்த இரண்டு மாதமாவது வெளியே போய்ப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கல்யாணத் தேதி. இப்போது ஆடி. ஆடியில் ஆபரேஷன் வேண்டாம் என்று வீட்டில் சொன்னால் சண்டை போடாதீர்கள், ஆடியில் ஸ்கேன் எடுக்கலாமே. ஆவணி முதல் வாரத்தில் இடது பக்கத்தை மட்டும் செய்தால், கண்ணுக்குத் தெரியும் வீக்கம் ஒரு மாதத்தில் பெரும்பகுதி வடியும், ஐப்பசியில் மெதுவாக மெல்லத் தொடங்கலாம், தையில் பந்தியில் உட்காரலாம். போட்டோவில் வலது பக்கம் இன்னும் தட்டையாகத்தான் இருக்கும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். புரட்டாசி தாண்டிவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகே வைத்துக்கொள்ளுங்கள். அசைகிற எலும்பு ஒன்றேகால் வருடம் பொறுத்தது, இன்னும் ஐந்து மாதம் பொறுக்கும், அதுவரை மென்மையாகச் சாப்பிட்டால் போதும். மாப்பிள்ளையிடமாவது சொல்லிவிடுங்கள் என்பது என் யோசனை. இரண்டு மாதம் கூழ் குடிப்பதை மறைத்துவைக்க முடியாது.

இன்றே செய்ய வேண்டியது சியோலுக்கு ஒரு மெயில். ஆபரேஷன் குறிப்பு, எந்த முறையில் எத்தனை மில்லிமீட்டர் எடுத்தார்கள், பிளேட் எந்த வகை, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த சிடி ஸ்கேன்களின் முழு டைகாம் கோப்புகள் (ஸ்கேன் படங்களின் மூலக் கோப்புகள்), எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள். கொரிய மொழியில் தந்தாலும் பரவாயில்லை, மொழிபெயர்த்துக்கொள்ளலாம். முந்தைய சிடி மிகவும் முக்கியம், உங்கள் முகத்தின் பழைய அகலம் எவ்வளவு என்பதற்கு வேறு சாட்சி கிடையாது. அதோடு ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த போட்டோக்கள் நாலைந்து, சிரிக்காமல் நேராகப் பார்ப்பது ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. ஃபில்டர் போட்டதைக் கொண்டுவராதீர்கள், பாஸ்போர்ட் போட்டோவே நல்லது.